றிப்பன் மாளிகை

கடந்த விடுமுறையில் மாணவர் சிலருடன் சென்னைக்குச் சென்றிருந்தோம். மத்திய புகையிரத நிலையத்தை விட்டு வெளியேறி மேற்கே சிறிது தூரம் நடந்ததும், வெண்ணிறமான நீண்டதொரு மாளிகை எதிர்ப்பட்டது. “இதுதான் றிப்பன் மாளிகை” என்றோம். “தங்கச்சி தலையிற் கட்டுகிற றிபனோ, சேர்?” என்று ஒருவன் கேட்க, அனைவரும் நகைத்தனர். வினா சிறுபிள்ளைத்தனமானதே, எனினும் விடை கூறாமல் விடுதற்குரியதன்று.

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இந்தியாவின் மாநகராட்சிகளுள் மூத்தது அதுவே. அதற்கு இன்றுள்ள மாளிகையோ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே வாய்த்தது. 1909இல் அரசப் பிரதிநிதி மின்ரோ பிரபு அடிக்கல் நாட்டினார். ஹரிஸ் என்னும் சிற்பி வரைந்த திட்டத்தின்படி லோகநாத முதலியார் கட்டி முடித்தார். ஏறத்தாழ ஏழரை இலட்சம் ரூபா செலவாயிற்று. 1913இல் ஹாடிஞ் பிரபு திறந்துவைத்தார்.

மூன்று தளங்களையுடைய இக்கட்டடம் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டது. கூரையைத் தேக்கு உத்தரங்கள் தாங்குகின்றன. தரைக்கு முதலிற் பதித்தது கடப்பைக் கல்லாகும். பளிங்கு பின்னாளில் வந்தது. வரிசை வரிசையான தூண்களும் வளைவுகளும் கண்ணைக் கவர, நடுவே 130 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது மணிக்கூட்டுக் கோபுரம். அதன் கடிகார முகத்தின் குறுக்களவு எட்டு அடி. அது காலத்தை இசையோடு ஒலித்து அறிவிக்கும்.

இனிப் பெயருக்கு வருவோம். றிப்பன் பிரபு 1880 முதல் 1884 வரை இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்தவர். ஊர்க் காரியங்களை ஊரவர் தெரிந்தெடுக்கும் உறுப்பினரே கவனிக்கவேண்டும் என்று 1882இல் அவர் தீர்மானம் ஒன்றை வெளியிட்டார். மக்கள் தம்மைத் தாமே ஆளப் பழகுதற்கு அதுவே பள்ளிக்கூடம் என்பது அவர் கருத்து. அடிக்கல் நாட்டப்பெற்ற அதே 1909இல் அவர் காலமானார். தம் பெயர் தாங்கிய மாளிகையை அவர் கண்டதில்லை.

ஆயினும் அவர் பெயரைத் தாங்கிய அம்மாளிகையிலேயே அவர் கருத்து நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1973இல் மாநகர மன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள், தேர்தலே இல்லை. அதிகாரிகள் அலுவல் பார்த்தனர், குப்பை அள்ளப்பட்டது, வரியும் அறவிடப்பட்டது. ஆனால் தன் தெருவின் குறையை எடுத்துரைக்கத் தான் தெரிந்தெடுத்த உறுப்பினர் எவரும் நகரத்தானுக்கு அங்கு இருக்கவில்லை. 2016இலும் மன்றம் மீண்டும் வெறுமையாயிற்று. 2022இல் தேர்தல் நடந்து, 200 வட்டங்களின் உறுப்பினரும் உள்ளே அமர்ந்தனர். இருபத்தெட்டு வயதுப் பெண்மணியாகிய பிரியா மேயரானார்.

யாழ்ப்பாணத்தவராகிய நாம் நமது நகர மண்டபத்தைப் போரிலே பறிகொடுத்தவர்கள். ஆதலின் ஒரு நகரத்துக்கு மண்டபம் எத்துணை அருமையானது என்பதை நமக்கு எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை. மண்டபம் குறைவின்றி நிற்கவும் மன்றம் இல்லாது போகலாம் என்பதைச் சென்னையிலேதான் கண்டறிந்தோம். இடிந்த சுவரை யாவரும் காண்பர். வெறுமையான ஆசனத்தை வெளியில் நிற்பவர் எவரும் காணார்.

இவற்றையெல்லாம் நாம் சொல்லி முடிக்கவும் கோபுரத்து மணி ஒலித்தது. றிபனைப் பற்றிக் கேட்ட மாணவன் நகைக்கவில்லை. “அந்த இருபத்து மூன்று வருஷமும் இந்த மணி அடித்ததோ, சேர்?” என்று வினவினான். அவனுக்கு விடை கூறுமுன் நாம் சற்று நேரம் அம்மாளிகையை நிமிர்ந்து பார்த்து நின்றோம்.

சென்னை செல்லும் அன்பர்கள் புகையிரதத்தால் இறங்கியவுடன் கடைத்தெருவுக்கு விரையாமல், அவ்விடத்திற் பத்து நிமிடம் தரித்துச் செல்வார்களாக. பிள்ளைகள் உடன் வந்தால் இன்னும் நன்று.