அண்ணா... இந்த பஸ் மதுரை போகுமா?

செமஸ்டர் லீவு, பொங்கல், தீபாவளி, அக்கா கல்யாணம்... காரணம் எதுவா இருந்தாலும் நம்ம எல்லோருக்கும் ஊருக்குப் போக ஒரு ரூட் உண்டு. சென்னையில் படிக்கிற தென் மாவட்டப் பொண்ணுங்களுக்கு அந்த ரூட் மனப்பாடம். தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை. ரயிலில் போனால் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். ஒரே ஒரு ராத்திரி.

பசங்களுக்கு அது வெறும் தூக்கம். ஏறினோமா, பையைத் தலைக்கு வெச்சோமா, விடிஞ்சதும் இறங்கினோமா... அவ்வளவுதான். நமக்கு? பஸ் ஏறும்போது ஒரு போன், ஏறின பிறகு ஒரு போன், விழுப்புரத்தில் ஒரு போன். 'பக்கத்து சீட்ல யாருடி? லேடீஸா?' - சாப்பிட்டியான்னு கேட்பதற்கு முன்னாடியே அம்மா கேட்கிற கேள்வி இதுதான்.

'அப்போ ராத்திரியில தனியா போகாதீங்க'ன்னு சொல்ல வரலை. அதைச் சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்காங்க. நாம போகத்தான் போறோம். இன்டர்வியூவும் பரீட்சையும் 'துணைக்கு ஆள் இருக்கா?'ன்னு கேட்டுட்டு வர்றதில்லை. நாலு செமஸ்டரா இதே ரூட்டில் போய் வர்றவள் என்கிற தகுதியில், அந்த ஒரு ராத்திரியை ஸ்டாப் ஸ்டாப்பா காட்டுறேன். கூடவே வாங்க!

முதல் ஸ்டாப்: கிளாம்பாக்கம்

2002-லிருந்து நம்ம அக்காக்களுக்கு எல்லாமே கோயம்பேடுதான். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கத்தில் புது பேருந்து முனையம் திறந்தாங்க. ஏறத்தாழ 88 ஏக்கர். ஏர்போர்ட் மாதிரி பளபள தரை, வரிசையா பிளாட்ஃபார்ம். உள்ளே இருக்கிற வரைக்கும் பயமில்லை. வெளிச்சம் இருக்கு, கூட்டம் இருக்கு. சிக்கல் வாசலில் ஆரம்பிக்குது. கோயம்பேட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடம். ஊரிலிருந்து வர்ற பஸ் விடியற்காலை மூணு மணிக்கு இறக்கிவிட்டால், சிட்டிக்குள்ளே போக சிட்டி பஸ், ஆட்டோ, கேப்னு ஏதாவது ஒண்ணைப் பிடிச்சே ஆகணும். அங்கேதான் 'எங்கம்மா போகணும்?'னு பத்து குரல் கேட்கும். பத்தில் ஒன்பது பேர் பிழைப்புக்காகக் கேட்பவங்க. பத்தாவது ஆள் முகத்தில் எதுவும் எழுதி ஒட்டியிருக்காது.

2025 பிப்ரவரியில் நடந்தது ஞாபகம் இருக்கா? சேலத்திலிருந்து வந்து கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாதவரம் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தாள் ஒரு 18 வயசுப் பொண்ணு. ஆட்டோ டிரைவர் கூப்பிட்டிருக்கான். வேண்டாம்னு சொல்லியிருக்காள். வலுக்கட்டாயமா ஏற்றிக்கொண்டு போய், ஓடுற ஆட்டோவிலேயே பாலியல் கொடுமை. அந்த நிலைமையிலும் அவள் போன் மூலமா தெரிஞ்சவங்களுக்குத் தகவல் சொல்ல, அவங்க போலீஸுக்குச் சொல்ல, துரத்தல் ஆரம்பிச்சதும் வழியில் இறக்கிவிட்டு ஓடியிருக்காங்க. அப்புறம் கைது.

இதில் எதைக் கவனிக்கணும்? அவள் யாரையும் நம்பி ஏறலை. 'வேண்டாம்'னுதான் சொன்னாள். அதனால், 'அவ ஏன் போனா, எதுக்குப் போனா?'ன்னு ஆரம்பிக்கிற எந்தப் பேச்சையும் ஏத்துக்காதீங்க. ஜாக்கிரதை என்பது ஆபத்தைக் குறைக்கிற விஷயம். குற்றத்துக்குப் பொறுப்பு குற்றம் செய்தவன் மட்டும்தான். இதை மனசில் வெச்சுக்கிட்டு அடுத்த ஸ்டாப்புக்குப் போவோம்.

ரெண்டாவது ஸ்டாப்: லேடீஸ் கம்பார்ட்மென்ட்

டிக்கெட் கன்ஃபர்ம் ஆகலை, அன்ரிசர்வ்டுதான். உடனே என்ன செய்வோம்? 'லேடீஸ்ல ஏறிக்கோ, சேஃப்!' உண்மைதான். 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 58-வது பிரிவின்படி, பயணிகள் ரயிலில் பெண்களுக்குன்னு ஒரு தனி கம்பார்ட்மென்டோ, குறிப்பிட்ட பெர்த்துகளோ சீட்டுகளோ ஒதுக்கியே ஆகணும். அதில் ஏறுகிற ஆணுக்கு 162-வது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம்னு அந்தச் சட்டம் சொல்லுது.

ஆனா ஒரு சின்ன இன்ஜினீயரிங் விஷயம் கவனிங்க. பல ரயில்களில் அந்த லேடீஸ் கம்பார்ட்மென்ட், கார்டு இருக்கிற கடைசிப் பெட்டியில் ஒரு பாதி. அங்கிருந்து பக்கத்துப் பெட்டிக்கு உள்ளேயே நடந்து போக வழி இருக்காது. ரயில் கிளம்பிட்டா அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அது தனித் தீவு. இருபது பெண்கள் இருந்தால் அது கோட்டை. நீங்க ஒருத்தி மட்டும் மிச்சம்னா? அதே கோட்டைதான் பொறி.

2011 பிப்ரவரி 1. எர்ணாகுளம் - ஷொர்ணூர் பாசஞ்சர். லேடீஸ் கோச்சில் மத்தவங்க எல்லாம் இறங்கின பிறகு தனியா இருந்த 23 வயசுப் பொண்ணு தாக்கப்பட்டு இறந்துபோனாள். கேரளாவே கொதிச்சது. பதினாலு வருஷம் கழிச்சு, 2025 பிப்ரவரி 6. கோயம்புத்தூர் - திருப்பதி இன்டர்சிட்டி. மறுபடியும் லேடீஸ் கோச். ஜோலார்பேட்டையில் கூட இருந்த பெண்கள் இறங்கினாங்க. ஒருத்தன் ஏறினான். உள்ளே இருந்தது ஒரு கர்ப்பிணி. எதிர்த்துப் போராடினவங்களை ஓடுற ரயிலிலிருந்து வெளியே தள்ளிட்டான். அவங்க உயிர் பிழைச்சாங்க. வயித்தில் இருந்த குழந்தை பிழைக்கலை. அதே வருஷம் ஜூலையில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைச்சது.

ரெண்டு மாநிலம், ரெண்டு வருஷம், ஒரே மாதிரி கதை. 'லேடீஸ்' என்கிற போர்டு நம்மைக் காப்பாத்தலை. உள்ளே இருக்கிற லேடீஸ்தான் காப்பாத்துறாங்க. அதனால், ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் ஒரு தடவை தலையை எண்ணுங்க. கூட்டம் கரைய ஆரம்பிச்சா, கடைசி ஆன்ட்டி இறங்கும்போதே நீங்களும் இறங்கி, குடும்பம் குடும்பமா ஆட்கள் இருக்கிற பெட்டிக்கு மாறிடுங்க. பிதுங்குற ஜெனரல் கோச்சில் கால் வலிக்கும், கடுப்பாகும். பரவாயில்லை.

ரயிலில் எது நடந்தாலும் 139. முன்னாடி பாதுகாப்புக்கு 182-ன்னு தனி நம்பர் இருந்தது, 2021-ல் அதையும் 139-லேயே சேர்த்துட்டாங்க. ஆபத்துன்னா செயினை இழுக்கவும் தயங்க வேண்டாம். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால்தான் சட்டப்படி தப்பு. இன்னொண்ணு, அவசரத்தில் டிக்கெட் இல்லாமல் ஏறிட்டாலும், தனியா வர்ற பெண்ணை நடுராத்திரியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிடக் கூடாதுன்னு ரயில்வே சட்டத்தின் 139-வது பிரிவு சொல்லுது. இறக்கணும்னா பகலில்தான். அதுவும் கிளம்பின ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் மாதிரி இடத்தில்தான். ஹெல்ப்லைனும் 139, சட்டப் பிரிவும் 139. மறக்கவே மறக்காது பாருங்க!

மூணாவது ஸ்டாப்: மோட்டல்

நடுராத்திரி. பஸ் டபக்குன்னு நிற்கும். 'வண்டி பத்து நிமிஷம் நிக்கும்!'னு ஒரு தட்டு தட்டுவாங்க. கண்ணைக் கசக்கிப் பார்த்தால், ஹைவே ஓரத்தில் ஒரு மோட்டல். மைக்செட் அலற, பரோட்டா கல் சத்தம். லேடீஸ் டாய்லெட் எங்கேயோ பின்னாடி, லைட் எரியுமா எரியாதான்னு தெரியாத இடத்தில். இதுக்குப் பயந்தே சாயந்தரத்திலிருந்து தண்ணி குடிக்காமல் வர்ற பொண்ணுங்க எத்தனை பேர்!

இங்கே சிம்பிள் வழி, கூட்டணி. பஸ்ஸில் வர்ற இன்னொரு பெண்ணிடம், 'அக்கா, நீங்க இறங்குறீங்களா? நானும் வர்றேன்'னு கேட்டுப் பாருங்க. அவங்களும் யாராவது கேட்க மாட்டாங்களான்னுதான் உட்கார்ந்திருப்பாங்க. இறங்கும்போது பஸ் நம்பரை ஒரு போட்டோ. மோட்டல் வாசலில் ஒரே கலரில் நாலு பஸ் நிற்கும், தூக்கக் கலக்கத்தில் மாறி ஏறிடுவோம்.

இங்கேயே இன்னொரு விஷயம். கழுத்தில் தொங்குற காலேஜ் ஐ.டி. கார்டு! பேர், டிபார்ட்மென்ட், வருஷம், பிளட் குரூப்... மொத்த ஜாதகமும் அதில் இருக்கு. அதைப் படிச்சிட்டு, 'நீ அந்தக் காலேஜாம்மா? என் பொண்ணும் அங்கதான்... இ.சி.இ.'ன்னு ஒருத்தர் பேச்சை ஆரம்பிச்சா, அரை நிமிஷத்தில் அவர் நமக்குத் தெரிஞ்சவர் ஆகிடுவார். காலேஜ் கேட்டைத் தாண்டியதும் கழற்றிப் பையில் போடுங்க.

அதே மாதிரிதான் உறவுமுறையும். நம்ம ஊரில் டிரைவர் அண்ணா, டீக்கடை அண்ணா, பக்கத்து சீட் அங்கிள்... முன்பின் தெரியாதவரை அண்ணான்னு கூப்பிடுறது நம்ம மரியாதை, நம்ம அழகு. ஆனால் எதிர்ப்பக்கம் இருந்து, 'நான் உன் அண்ணன் மாதிரிம்மா, பயப்படாம வா'ன்னு வரும்போது அது மரியாதை இல்லை, சாவி. கூப்பிடுங்க, தப்பில்லை. கூப்பிட்டோமே என்பதற்காகக் கூடப் போக வேண்டியதில்லை.

நாலாவது ஸ்டாப்: விடியாத மதுரை

காலை அஞ்சு மணி. இன்னும் இருட்டு. மாட்டுத்தாவணியில் இறங்கினால் பூ மார்க்கெட் பக்கமிருந்து மல்லிகை வாசனை வரும். ரயிலில் வந்தால் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள். தேனிப் பக்கம் போறவங்க ஆரப்பாளையம் போகணும். 'அந்த பஸ் எல்லாம் ஆறு மணிக்கு மேலதான்மா'ன்னு ஒரு குரல்.

எங்க ஹாஸ்டல் சீனியர் அக்கா ஒருத்தங்களுக்கு வேறொரு ஊர் பஸ் ஸ்டாண்டில் இப்படித்தான் நடந்தது. டீசன்ட்டா டிரஸ் பண்ணின ஒருத்தர், 'பஸ் ஆறு மணிக்குத்தான். எங்க கார் அந்தப் பக்கம்தான் போகுது. உள்ளே என் வொய்ஃப் இருக்காங்க, வா டிராப் பண்றோம்'னு சொல்லியிருக்கார். அக்கா சிரிச்சிட்டு, 'இதோ வர்றேன் சார்'னு நேரா நேரக் காப்பாளர் அறைக்குப் போய்க் கேட்டிருக்காங்க. பஸ் பத்தே நிமிஷத்தில்! திரும்பிப் பார்த்தால் அந்த ஆளைக் காணோம். அவர் நல்லவரா, கெட்டவரா? தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் சொன்ன தகவல் பொய். அது போதும்.

இதில் இருக்கிற சூத்திரத்தைப் பிடிச்சீங்களா? தானா வந்த உதவியை அவங்க ஏத்துக்கலை. தானா போய், தான் தேர்ந்தெடுத்த ஆளிடம் கேட்டாங்க. நூறு பேர் இருக்கிற இடத்தில் நாமளா ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தால், அவர் கெட்டவரா இருக்க வாய்ப்பு குறைவு. நூறு பேரில் ஒருத்தர் நம்மைத் தேர்ந்தெடுத்து வந்தால், ஏன் நம்மைன்னு ஒரு தடவை யோசிக்கணும்.

தேர்ந்தெடுக்கவும் ஒரு வழி இருக்கு. அந்த இடத்தை விட்டு ஓட முடியாத ஆட்களைப் பாருங்க. பூக்காரம்மா, பேப்பர் கடைக்காரர், டீ மாஸ்டர், நேரக் காப்பாளர், கடை விரிச்ச பழக்காரப் பாட்டி. நாளைக்கும் இதே இடத்தில் உட்கார வேண்டியவங்க. நாலு பேருக்கு அவங்க முகம் தெரியும். 'பாட்டி, அப்பா வர்ற வரைக்கும் இங்க உட்கார்ந்துக்கவா?'ன்னு கேளுங்க. முதலில் திட்டுவாங்க, 'இந்நேரத்துல என்ன புள்ள?'ன்னு. அப்புறம் நகர்ந்து இடம் தருவாங்க.

கடைசி ஸ்டாப்: வீடு

இந்த ரூட்டிலேயே கஷ்டமான ஸ்டாப் இதுதான்.

பின் சீட்டிலிருந்து ஒரு கை வந்தது. நாம திரும்பி முறைச்சோம், சீட் மாறினோம், விடிய விடிய முழிச்சிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா, 'பிரயாணம் எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்பாங்க. என்ன பதில் சொல்வோம்?

'நல்லா இருந்துச்சும்மா.'

ஏன்? சொன்னால் அடுத்த தடவை அப்பா லீவு போட்டுட்டு வந்து நிற்பார். இன்டர்ன்ஷிப்புக்கு வெளியூர் கிடையாது. 'படிச்சது போதும், உள்ளூர்லயே வேலை பாரு'ன்னு யாராவது ஒரு சித்தப்பா ஆரம்பிப்பார். தப்பு செஞ்சவன் அடுத்த வாரமும் அதே பஸ்ஸில் ஜாலியா போவான், நம்ம டிக்கெட் மட்டும் கேன்சல். எங்க ஹாஸ்டலில் ஒரு ராத்திரி இதைப் பேச ஆரம்பிச்சோம். ரூமில் இருந்த ஆறு பேரில் ஆறு பேரிடமும் ஒரு கதை இருந்தது. வீட்டில் சொன்னவங்க? ஒருத்தர்கூட இல்லை.

அந்த மௌனம்தான் அவனுடைய தைரியம். அப்பா, அம்மா யாராவது இந்தப் பக்கத்தைப் படிச்சா, ஒரே ஒரு வேண்டுகோள். பொண்ணு சொல்லும்போது முதல் வாக்கியம் 'இனிமே போகாதே'ன்னு இருக்க வேண்டாம். 'நல்ல வேளை சொன்னே'ன்னு இருக்கட்டும். தெரியாதவங்களைக் கண்டால் மட்டும் பயப்படணும்னு நினைக்காதீங்க. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருஷாந்திரக் கணக்குப்படி, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிஞ்சவர்தான். பஸ்ஸை நிறுத்திவிட்டால் ஆபத்து நின்றுவிடாது.

புகார் கொடுக்க நினைச்சா, 'இது எங்க எல்லை இல்லை'ன்னு ஸ்டேஷனில் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கிற புதுச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் தரலாம்னு சொல்லுது. விழுப்புரத்தில் நடந்ததை மதுரையில் சொல்லலாம்!

பசங்களே, உங்களுக்கும் ஒரு வரி. பஸ்ஸில் ஒரு பொண்ணு எழுந்து நின்னு சத்தம் போட்டால், ஹெட்போனைக் கழற்றுங்க. ஹீரோ ஆக வேண்டாம். 'என்னங்க பிரச்னை?'ன்னு ஒரு குரல், கண்டக்டரைக் கூப்பிட ஒரு கை. அது போதும்.

போனில் இருக்கட்டும்

ரயிலில் 139. எந்த அவசரத்துக்கும் 112. பெண்கள் உதவிக்கு 181. தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி ஆப். லைவ் லொகேஷன், வீட்டில் ஒருவருக்கும் ஹாஸ்டலில் ஒருத்திக்கும். முழு சார்ஜ், ஒரு பவர் பேங்க். கேப் ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டு, 'யார் பேருக்கு புக் ஆகியிருக்கு?'ன்னு டிரைவரிடம் நீங்க கேளுங்க. உங்க பேரை நீங்களே சொல்லாதீங்க.

அப்புறம் என்ன? அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் பையைக் கட்டுங்க, ஐ.டி. கார்டைக் கழற்றுங்க. பக்கத்து சீட்டில் ஜூனியர் பொண்ணு யாராவது முதல் தடவையா தனியா வந்து மிரண்டு போய் உட்கார்ந்திருந்தால், நீங்களே பேச்சை ஆரம்பிங்க... 'மோட்டல்ல இறங்கும்போது என்னையும் எழுப்பு, சேர்ந்து போகலாம்!'