நான் காப்பியடித்த நோட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

ராயபுரம் என்றதும் சென்னை ராயபுரத்தை நினைத்துவிட வேண்டாம். அங்கே 1954-லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கிய மருத்துவமனை பிறகு சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையாகிவிட்டது. நான் இருப்பது திருப்பூர் ராயபுரம். பனியன் கம்பெனி சத்தம்தான் எங்களுக்குத் தாலாட்டு.

எனக்குச் சுகர் வந்து பதினாலு வருஷம். இன்சுலின் நாலு வருஷமாக, காலை ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி. தினமும் விரலைக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதி வரச் சொன்னார் டாக்டர். முதல் மாதம் ஒழுங்காக எழுதினேன். பிறகு விரல் வலி, சோம்பல். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து 118, 124, 112 என்று கைக்கு வந்ததை எழுதுவேன். பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினேன். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளைக் காப்பியடிக்காதே என்று அதட்டிய வாத்தியார்.

மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி 9.1 என்று வந்தது. "சார், உங்க நோட்டும் உங்க ரத்தமும் ஒத்துப்போகலையே" என்றார் டாக்டர். மீட்டர் பழசாகிவிட்டது என்று சொன்னேன். அவரும் நம்பி ராத்திரி ஊசியில் நாலு யூனிட் கூட்டினார்.

அடுத்த வாரமே ஒருநாள் விடியக்காலை மூன்று மணிக்கு என் வீட்டுக்காரம்மா கண் விழித்திருக்கிறார். நான் ஏதேதோ உளறிக்கொண்டிருந்தேனாம். பனியன் தொப்பலாக நனைந்திருந்ததாம். "என்னங்க, என்னங்க" என்று உலுக்கி, விரலைக் குத்திப் பார்த்தால் 48. நல்ல வேளை, விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார். 81. எனக்கு அது எதுவும் ஞாபகம் இல்லை. அவர் அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பதினாலு நாள் சென்சார் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்.

பத்து ரூபாய்க் காசு அளவில் ஒரு வில்லை, மேல்கையின் பின்பக்கம். அதிலிருந்து முடி போல ஒரு இழை தோலுக்கடியில் இருக்கும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, சதைக்கு நடுவே இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையை. அதனால் ரத்தத்தில் நடப்பது அதில் தெரியப் பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆகும். மயக்கமாக இருக்கிறது, ஆனால் செல்போன் நன்றாகத்தான் காட்டுகிறது என்றால் விரலைக் குத்திப் பார்த்துவிட வேண்டும். ஒருநாள் ராத்திரி அலாரம் அடித்து வீடே எழுந்துவிட்டது. குத்தினால் 104. அந்தக் கை மேலேயே படுத்து அமுக்கியிருக்கிறேன்!

என் அப்பாவுக்கும் சுகர்தான். அந்தக் காலத்தில் சிறுநீரை பெனடிக்ட் கரைசலில் விட்டுக் காய்ச்சி நிறம் பார்ப்பார்கள். நீலம் என்றால் நிம்மதி, செங்கல் நிறம் என்றால் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அதில் சர்க்கரை இறங்குவது தெரியவே தெரியாது.

சென்சார் காட்டிய கோடு என்னை உட்கார வைத்துவிட்டது. ராத்திரி இரண்டிலிருந்து நாலு மணி வரை பல நாள் 70-க்குக் கீழே. காலைப் பலகாரத்துக்குப் பிறகு 270. சாயந்திரம் நாலரை மணிக்கு இன்னொரு மலை. பேக்கரி முக்கில் நண்பர்களோடு டீயும் போண்டாவும். சராசரி ஏறியது பகலில், நான் ஊசியைக் கூட்டிக்கொண்டதோ ராத்திரிக்கு. டாக்டர் ராத்திரி ஊசியில் ஆறு யூனிட் குறைத்தார். காலை ஊசியைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் முன்னால் போடச் சொன்னார். போண்டாவை நானே விட்டேன். முழுசாக இல்லை.

இதை என் பழைய மாணவன் ஒருவனிடம் சொன்னேன். ஓவர்லாக் டெய்லர், நாற்பத்தைந்து வயது, அவனுக்கும் இன்சுலின். "ஒரு சென்சார் என்ன விலைங்க சார்?" என்றான். ஐயாயிரத்துக்குப் பக்கம் என்றேன். சிரித்துவிட்டான். "பீஸ் ரேட்டுல தைக்கிறவனுக்கு அதெல்லாம் கட்டுபடியாகாதுங்க சார்."

அவனிடம் மீட்டர் இருந்தது. தினமும் காலையில் மட்டுமே குத்திக்கொண்டிருந்தான். அதே ஒரு ஸ்ட்ரிப்பை நேரம் மாற்றிப் போடச் சொன்னேன். திங்கள் வெறும் வயிறு, செவ்வாய் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, புதன் மதியச் சாப்பாட்டுக்கு முன், இப்படி. ஒருநாள் மட்டும் அலாரம் வைத்து விடியக்காலை மூன்று மணிக்கு. நடுங்கினால், வேர்த்தால் கணக்கே பார்க்காமல் குத்து என்றேன். அட்டவணை எழுதிக் கொடுத்து, அவன் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம்.

போன ஞாயிறு நோட்டோடு வந்தான். ஆறு வாரம். நடுவே சில கட்டங்கள் காலியாக இருந்தன.

"அந்த வாரம் நைட் ஷிப்ட்டுங்க சார். குத்தல. அதனால எழுதல."

என் பழைய நோட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அவனிடம் எடுத்துக் காட்டினேன்.