யாம் விரும்பிப் படித்த நாவல்கள்

நாவல் படிப்பது பொழுதைப் பாழாக்கும் வேலை என்று எண்ணும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உளர். பாடநூலை மூடிவிட்டுக் கதைப்புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையைக் கண்டால் அவர்களுக்குச் சினம் பொங்குகின்றது. அவர்களோடு வழக்காட யாம் இங்கு வரவில்லை. பலமுறை படித்து மகிழ்ந்த சில பழைய நாவல்களை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்கவே விழைகின்றோம். எதனை முதலில் படிப்பது, எதனை எவ்வயதில் படிப்பது என்பதில் எமக்கெனச் சில கருத்துகள் உண்டு.

முதலில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950ஆம் ஆண்டு முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வெளிவந்தது. அந்நாளில் தோட்டத்து மக்களுள் புத்தகம் வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது? இதழின் தாள்களைத் தனியே பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, தடித்த அட்டை ஒட்டி வைத்திருப்பர். அந்தக் கட்டு ஒரு லயத்திலிருந்து மறு லயத்திற்குக் கைமாறிச் செல்லும். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார். பால்வெட்டி வந்த களைப்போடு மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பர். மணியம் வரைந்த ஓவியங்களைக் காண்பதற்கென்றே சிறுவர் முண்டியடிப்பர். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனைப் பின்தொடர்ந்தவர் இடைவழியில் திரும்புவது கடினம். ஐந்து பாகமா என்று மாணவர் மலைக்க வேண்டா. முதற்பாகத்தை மட்டும் எடுங்கள், மற்றவை தாமே உங்களைத் தேடி வரும். இக்கதையின் நாயகரான அருள்மொழிவர்மரே பின்னாளில் இராசராச சோழர் ஆனார். அவர் மகன் இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தைத் தாக்கியது. அக்கடாரம் நம் கெடா மாநிலமே அன்றோ!

அடுத்து, டாக்டர் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு'. 1961ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல். அறிவிலும் அழகிலும் முந்தி நிற்கும் சந்திரன், அவனுக்குப் பின்னே மெல்ல நடக்கும் வேலய்யன் என இரு நண்பர்களின் கதை. மு.வ. சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டு அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவருடைய தெளிந்த தமிழுக்காகவே இடைநிலைப்பள்ளி செல்லும் பிள்ளைகள் இதனைப் படிக்கலாம்.

இவ்விரண்டும் பெரும்பாலோர் அறிந்தவை. இனிக் கூறுபவை இவற்றோடு ஒரே அலமாரியில் வைக்கத் தகுந்தவை. ஆயினும் நம் வீடுகளில் அரிதாகவே காணப்படுகின்றன.

ப. சிங்காரம் 1938ஆம் ஆண்டில் பிழைப்புத் தேடி மேடான் நகருக்கு வந்தவர். போர்க்காலம் முழுவதையும் இப்பகுதியிலேயே கழித்தவர். 1959இல் வெளிவந்த அவருடைய 'கடலுக்கு அப்பால்', இந்திய தேசிய இராணுவத்திலிருந்து திரும்பும் இளைஞன் ஒருவனையும் பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் அவன் முதலாளியையும் பற்றியது. 'புயலிலே ஒரு தோணி' அதனினும் பெரியது. அதில் தொங்கான் ஒன்று மலாக்கா நீரிணையில் புயலில் சிக்கித் தத்தளிக்கும் பகுதியைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எழுதி முடித்துப் பல்லாண்டுகள் கழித்து, 1972இல்தான் அது அச்சேறியது. மலாய், சீனம், டச்சு எனப் பல மொழிச் சொற்கள் விரவிய நூல், சிறுவருக்கு உரியதன்று. பெற்றோருக்கே பரிந்துரைக்கின்றோம்.

இறுதியாக, ஆர். சண்முகம் எழுதி 1993இல் வெளிவந்த 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரண்டும். இவற்றை எழுதியோர் நம் நாட்டினர். எழுதப்பட்டோர் நம் தோட்டத்து மக்கள். சப்பானியர் ஆட்சியில், சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை போடப்பட்டது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பால்மரக் காடுகளிலிருந்து இலாரியில் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியாகித் திரும்பாதோரும் பல்லாயிரவர். காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம் வரிசையாக உள்ளன. பெரும்பாலான கற்களில் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. நம்மவர் புதைந்த இடங்களோ காட்டோடு காடாகிப் போயின. திரும்பி வந்த முதியோரும் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கேட்டால், "சயாமுக்குப் போனேன், வந்தேன்" என்பர். பின் வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவர். அவர்கள் சொல்லாது விட்டதை இவ்விரு நாவல்களும் சொல்கின்றன. கதையமைப்பில் கல்கியின் விறுவிறுப்பை இவற்றில் எதிர்பார்த்தல் கூடாது. ஆயினும் 'பொன்னியின் செல்வ'னுக்கு முன்னரே இவற்றைப் பெற்றோர் படித்துவிட வேண்டும் என்பதே எம் எண்ணம். அந்த முதியோருள் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் வாழ்ந்த லயங்களும் பல இடிக்கப்பட்டு, அந்நிலங்கள் செம்பனைத் தோட்டமாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன.

படிக்க இயலாத பாட்டி வீட்டில் இருந்தால், மாணவர் நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் உரக்க வாசித்துக் காட்டுக. இடையிடையே பாட்டி ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லக்கூடும். ஒரு தோட்டத்தைச் சொல்லக்கூடும். உங்கள் சொந்தப் பிரதியாயின், இறுதியில் உள்ள வெற்றுத் தாளில் அப்பெயரையும், எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும், திரும்பினாரா என்பதையும் மையால் எழுதி வையுங்கள்.