இப்போது எந்தப் பக்கம்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரே ஒரு விதிதான். முடித்த நாவலைப் பற்றிப் பேசக்கூடாது. இப்போது கையில் என்ன இருக்கிறது, எந்த இடம்வரை வந்திருக்கிறீர்கள், அங்கே என்ன நடக்கிறது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது. அவ்வளவே பேச்சு.

கோவில்பட்டியில் ஞாயிறு மாலைதோறும் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், அரசு மருத்துவமனை செவிலியர், தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதும் பெண், கல்லூரியில் படிக்கும் பையன், கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சி, பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகும் எல்லோருக்கும் 'டீச்சர்' ஆகவே இருக்கும் நான்.

இன்று முதலில் பேசியவர் கார்டு சார். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' வாசிக்கிறார். அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தைக்கு ரயில்வேயில் வேலை. நாவலின் சந்திரசேகரனும் அப்படிப்பட்ட வீட்டுப் பையன்தான். கிரிக்கெட்டும் சைக்கிளுமாகத் திரிகிறவனைச் சுற்றி ஊர் மெல்ல மெல்ல இரண்டாகிக்கொண்டிருக்கிறது. "நான் இப்ப இருக்கிற இடத்துல ஹைதராபாத்துக்குள்ள இந்திய ராணுவம் இன்னும் வரலை டீச்சர்" என்றார் கார்டு சார். "1948 செப்டம்பர்ல வரப்போகுதுன்னு நமக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது. அதுதான் வயித்தைக் கலக்குது."

பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னார். ஒரு சுவர்தான் இடையில். பல மொழிக்காரர்கள், பல மதத்தவர்கள். அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட மறைக்க முடியாதது. அப்படி வாழ்ந்தவர்கள் ஒரு நாள் ஒருவரையொருவர் பார்த்துக் கதவைச் சாத்துவது என்றால் என்ன என்று அவர் கேட்டபோது யாருக்கும் பதில் வரவில்லை. அந்த நாவலை நான் வாசித்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சுவரின் நெருக்கம் இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என் கையில் இருப்பது தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. த.நா. குமாரசாமியின் தமிழில். வங்கக் கிராமம் ஒன்றில் ஜீவன் மசாய் என்ற முதிய வைத்தியர். தலைமுறை தலைமுறையாக நாடி பார்க்கும் குடும்பம். நாடியில் விரல் வைத்தால் நோய் மட்டுமல்ல, சாவு வரும் காலமும் அவருக்குத் தெரிகிறது. தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறார். அதே ஊருக்கு ஆங்கில மருத்துவம் படித்த இளைஞன் பிரத்யோத் வருகிறான். ஒரு மூதாட்டியிடம் கிழவர் 'காலம் நெருங்கிவிட்டது' என்ற பொருளில் பேசியதைக் கேட்டு அவனுக்கு ஆத்திரம் பொங்குகிறது. உயிரோடு இருப்பவளிடம் அப்படிச் சொல்ல இவர் யார்?

நான் இன்னும் பாதிகூட வரவில்லை. யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. கிழவரின் அறிவு பெரிது. இளைஞனின் கோபமும் நியாயம். இந்தத் தவிப்பை அப்படியே ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வைக்கப்போகிறேன். முடித்துவிட்டால் எனக்கென்று ஒரு கட்சி வந்துவிடும். பிறகு அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்குவது கடினம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கல்லூரிப் பையன் வீட்டுக்கு வந்தான். கையில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. முகம் வாடியிருந்தது.

"தாண்டவே மாட்டேங்கு டீச்சர். மெடான்ங்கான், பினாங்குங்கான், ஜப்பான்காரன் வாரான், டச்சுக்காரன் போறான். யாரு எவருன்னே பிடிபடலை. விட்டுரலாமான்னு இருக்கு."

விட்டுவிடு என்றும் சொல்லவில்லை, கட்டாயம் படி என்றும் சொல்லவில்லை. கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சியிடம் கூட்டிப்போனேன். அவர் வீட்டு முன்னோர் ஒருவர் கப்பலேறிப் பினாங்கு போனவர். அவர் அந்த நாவலை வாசித்ததில்லை. ஆனால் அந்த நாவலில் வருவது போன்ற வட்டிக்கடை எப்படி நடந்தது என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். மேலாள் என்றால் யார், அடுத்தாள் என்றால் யார், பெட்டியடிப் பையனாகப் போனவன் எத்தனை ஆண்டு கழித்து ஊர் திரும்புவான், திரும்பும்போது என்ன கொண்டுவருவான் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே அரைமணி நேரம் சொன்னார். நான் சிங்காரத்தைப் பற்றிச் சொன்னேன். சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே மெடானுக்கு வேலைக்குப் போய், போர்க்காலத்தை அங்கே கண்ணால் கண்டவர். திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் அச்சேறியது.

பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். "அப்ப கதையில வர்ற பாண்டியன் சண்டைக்கு நடுவுல மதுரைத் தெருவையும் சின்னமங்கலத்தையும் நினைச்சுக்கிட்டே கிடக்கானே, அது அவருக்கே உள்ளதுதானா?" என்றான். அந்தப் பக்கங்களுக்கு இன்னும் போகவில்லை, புரட்டிப் பார்த்திருக்கிறான். போய்ப் படி என்றேன்.

ஒரு நாவலுக்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்பவனுக்கு விமர்சனக் கட்டுரை உதவாது. உள்ளே இருக்கும் வாழ்க்கையோடு ஏதோ ஒரு சொந்தம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் போதும். அந்த ஆள் படித்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜீவன் மசாயைப் பற்றி இன்று பேசினேன். யார் பக்கம் என்று தெரியவில்லை என்பதையும் சொன்னேன். சிஸ்டர் உடனே பேசவில்லை. தன் முறை வந்தபோது தன்னுடைய புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது எங்க வார்டுல தினம் நடக்கிறதுதான் டீச்சர். வீட்டாளுக வந்து கேப்பாக, பிழைச்சிருவாரா சிஸ்டர்னு. டாக்டர் சொல்லாம நாங்க வாயைத் திறக்கக்கூடாது. ஆனா ராத்திரி டூட்டியில மூச்சு வாங்குறதைப் பாத்தாலே சில பேருக்கு எங்களுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சதை வச்சுக்கிட்டு விடியிறவரைக்கும் நடமாடணும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அந்தப் பெரியவர் சொல்லிட்டு அங்கேயே உக்காந்திருந்தாரா, எந்திரிச்சுப் போயிட்டாரா?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்லலாமா கூடாதா என்பதிலேயே நான் நின்றிருந்தேன். சொன்னபிறகு வைத்தியர் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய கேள்வி. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு, நாடி பார்க்கும் பக்கங்களை மறுபடி வாசித்தேன். இதுவரை கிழவரின் விரல்களையே கவனித்திருக்கிறேன். இந்த முறை அவர் எவ்வளவு நேரம் உட்கார்கிறார், வீட்டாரிடம் என்ன பேசுகிறார், வெளியே வந்தபிறகு தன் மனசுக்குள் எதோடு மல்லுக்கட்டுகிறார் என்று பார்த்தேன். பிரத்யோத்தின் கோபத்தை இன்னும் மதிக்கிறேன். ஆனால் கிழவரின் தனிமை இன்றுதான் எனக்குப் பிடிபட்டது. சிஸ்டர் இந்த நாவலில் ஒரு வரிகூட வாசித்ததில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

அலமாரியைத் துடைக்கும்போது அம்மா பைண்டு செய்து வைத்த 'பொன்னியின் செல்வன்' கையில் வந்தது. 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. மணியம் வரைந்த படங்களோடு, பின்பக்கத்தில் பாதி விளம்பரமும் பாதி நகைச்சுவைத் துணுக்குமாக, இதழிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள். எங்கள் தெருவில் ஓர் இதழ் நாலைந்து வீடு சுற்றும். கடைசி வீட்டுக்கு வரும்போது அட்டை இருக்காது. நந்தினி அடுத்து என்ன செய்வாள் என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வாதாடுவார்கள் என்று அம்மா சொல்வார்.

தமிழ் நாவல்களில் பெரும்பங்கு இப்படித் தொடராகத்தான் வாசகரிடம் வந்தது. 'மோகமுள்' சுதேசமித்திரனில் வந்தது. 'தண்ணீர்' கணையாழியில் வந்தது. 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் வந்தது. அந்தந்த வாரம் எல்லோரும் ஒரே அத்தியாயத்தில் நின்றார்கள். கதை எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் முடிவு தெரியாது. 'இப்போது எந்தப் பக்கம்' என்று ஒருவரையொருவர் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

இன்று புத்தகம் முழுதாக வருகிறது. அது பெரிய வசதி. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கத்தில் தனியாக நிற்கிறோம். அதனால், முன்பு இதழ் தானாகச் செய்துகொடுத்த வேலையை இப்போது நாமே செய்ய வேண்டியிருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கார்டு சாருடன் இடைசெவல் வரை போய்வந்தேன். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒன்றாக வளர்ந்த ஊர். ஒருவர் கரிசல் காட்டில் விவசாயம் பார்த்தபடி ஊரிலேயே இருந்தார். மற்றவர் சென்னைக்கும் மலேயாவுக்கும் வேலை தேடிப் போனார். பிரிந்தபிறகு கடிதம்தான் அவர்களுடைய திண்ணை. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன. இலக்கியம், இசை, இரண்டின்மீதும் தீராத பசி.

கி.ரா. பிற்காலத்தில் எழுதியதற்கெல்லாம் இந்தத் தோழமையில் வேர் உண்டு என்றே நான் நம்புகிறேன். வாசித்ததைச் சொல்ல ஓர் ஆள் இருப்பவனுக்கு வாசிக்கும்போதே கவனம் கூடுகிறது. 'இதை அவனிடம் சொல்ல வேண்டும்' என்ற எண்ணமே ஒரு பக்கத்தை நிறுத்தி வாசிக்க வைக்கிறது. எனக்கும் அப்படித்தான். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காக நான் மெதுவாக வாசிக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தீப்பெட்டி ஆபீஸ் பெண் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டே இருப்பாள். தன் முறை வந்தால் "அடுத்த வாரம் சொல்லுதேன்" என்பாள். இன்று கார்டு சார் நேராகவே கேட்டார்: "நீ என்னம்மா வாசிக்கே?"

ராஜம் கிருஷ்ணனின் 'கூட்டுக் குஞ்சுகள்' என்றாள். தீப்பெட்டித் தொழிலில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய நாவல். ராஜம் கிருஷ்ணன் எந்தத் தொழிலைப் பற்றி எழுதினாலும் அந்த மக்களிடையே போய் இருந்து பார்த்து எழுதியவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' அப்படித்தான் வந்தது.

"என்னால ஒரு நாளைக்கு நாலு பக்கத்துக்கு மேல வாசிக்க முடியலை சார்" என்றாள் அந்தப் பெண். "விடியும் முன்னே பஸ் வந்து நிக்கும். தூக்கத்துலயே ஏத்திவிடுவாக. கட்டை அடுக்கிக்கிட்டே தூங்கி விழுந்திருக்கேன். இதைக் கதையா ஒருத்தர் எழுதியிருக்காகன்னு எனக்குத் தெரியவே தெரியாது." பிறகு கட்டை அடுக்குவதையும் பெட்டி ஒட்டுவதையும் விரல்களால் செய்து காட்டினாள். பேச்சு நின்றபோது சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' நினைவுக்கு வந்தது. புத்தகம் கேட்டு வீட்டை மொய்க்கும் குழந்தைகளில், நாட்குறிப்பேடு கிடைக்காமல் போன சாரங்கன் தானே ஒன்றைக் கொண்டுவந்து எழுதித்தரச் சொல்லி நிற்பான். அவனுக்கு வேண்டியது டைரி இல்லை. அந்தக் கூட்டத்தில் தன்னையும் ஒருவனாக எண்ண வேண்டும் என்பதே. நம்மிடையே வாசிப்பவர்கள் பலர் இப்படிக் கேட்கப்படாமலே இருக்கிறார்கள். பெரிய எழுத்தாளர் பெயர் சொல்லத் தெரியாது, விமர்சன மொழி வராது, தமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறார்கள். இந்த இரண்டு வாரத்தில் எனக்கு நாவல்களைத் திறந்து காட்டியவர்கள் இவர்கள்தான்.

பையன் இன்று பாதி தாண்டிவிட்டான். கார்டு சாரின் நாவலில் ராணுவம் வந்துவிட்டது. அதற்குமேல் சொல்ல மறுத்துவிட்டார். அதுதான் முறை. முடிவைச் சொல்லாதீர்கள், நிற்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

வாசிக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. புத்தகத்தை முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். புரியாத பக்கத்திலேயே, கோபம் வந்த பக்கத்திலேயே, விட்டுவிடலாமா என்று தோன்றும் பக்கத்திலேயே யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அவர் என்ன வாசிக்கிறார் என்று மறக்காமல் கேளுங்கள். பேசாமல் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள்.