ஆன்லைனில் இடம் பார்க்கும் என் பிள்ளைகளுக்கு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் கரும்பலகையை அழிக்காமல் நின்றவள்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன இரண்டு மாதத்தில் நம் பிள்ளைகள் மூன்று பேர் மெசஞ்சரில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவன் சென்னை, ஒருத்தி திருப்பூர், இன்னொருவன் துபாய். மூன்று பேரும் ஒரு விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்பி, "டீச்சர், நம்ம ஊர்ப் பக்கம்தான். வாங்கிப் போடலாமா?" என்கிறார்கள். நான் கணக்கு டீச்சர், புரோக்கர் இல்லை. ஆனால் இடம் வாங்கி அழுதும் இருக்கிறேன், வாங்காமல் அழுதும் இருக்கிறேன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் வாங்கி அழுத கதை. 2014-ல் தென்காசி ரோட்டுப் பக்கம் நாலு சென்ட் மனை, மூன்று லட்சத்து அறுபதாயிரம். அப்போது எனக்கு வாட்ஸ்அப்பே புதிது. கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் கலர் நோட்டீஸ் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள், மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்றார்கள். தலைவர் சீல் இருந்தது. நானும் தலையாட்டினேன். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறை, தொழில்நுட்ப அனுமதி கொடுத்த பிறகுதான் பஞ்சாயத்து ஒப்புதலுக்கு மதிப்பு, வெறும் சீல் மனை அங்கீகாரம் ஆகாது என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வகுப்பில் "வழிமுறை எழுதாமல் விடை எழுதினால் மார்க் கிடையாது" என்று உங்களை மிரட்டியவள், என் பணத்துக்கு வழிமுறையே பார்க்கவில்லை.

2016-ல் மகளுக்கு வரன் அமைந்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. மனையை ஆறு லட்சத்துக்குப் பேசி, ஐம்பதாயிரம் அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. பத்திர ஆபீஸ் வாசலில் கூட்டமே இல்லாமல் போனதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது அடங்குவதற்குள் நவம்பர் 8, பழைய 500, 1000 செல்லாது என்று அறிவிப்பு. அட்வான்ஸ் கொடுத்தவர் டிசம்பரில் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தது பழைய ஐந்நூறு, கேட்டது புது நோட்டு. அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது, அவர் வீட்டிலும் என்ன செலவோ.

கல்யாணம் நடந்தது. எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். பி.எஃப். கடன், சொசைட்டிக் கடன், என் ஆறு வளையல். அடுத்த மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் ஆன மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். நானும் கட்டினேன். அந்த மனை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, இரண்டு முருங்கை நிற்கிறது. வளையல் ஆறில் நாலுதான் திரும்பி வந்தது.

இப்போது உங்கள் விளம்பரங்களுக்கு வருகிறேன். நீங்கள் பார்க்கும் 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் எல்லாம் நோட்டீஸ் பலகை மாதிரி. எங்கே, எவ்வளவு, யாரிடம் கேட்பது என்பது வரை சொல்லும். அந்த அளவுக்கு நல்லதுதான். முன்பெல்லாம் பஞ்சு மார்க்கெட் டீக்கடையில் நாலு புரோக்கரிடம் கேட்டு வாங்க வேண்டிய விலையை இப்போது படுத்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் பலகையில் போட்டது சொல்கிற விலை. பத்திரம் ஆன விலை வேறு. பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பாருங்கள், பார்க்கக் காசு கிடையாது. அந்த எண்ணில் கடைசியாக என்ன பத்திரம், என்ன மதிப்புக்கு ஆனது என்று வரிசையாக வரும். பத்திரத்தில் குறைத்து எழுதுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு, அதனால் அதையும் அப்படியே நம்பாதீர்கள். ஆனால் ஒரே மனை இரண்டு வருடத்தில் நாலு கை மாறியிருந்தால் அதுவும் அங்கே தெரியும். அப்படி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

விலை போடுவதிலும் ஒரு தந்திரம். "சென்ட் வெறும் 3 லட்சம்" என்று ஒருவன், "சதுர அடி 750 மட்டுமே" என்று இன்னொருவன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. முதலாவது சதுர அடிக்கு ஏறக்குறைய 689 ரூபாய். எது குறைவு என்று இப்போது தெரிகிறதா? பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். விளம்பரத்தில் ஐந்து சென்ட் என்று போட்டு, பட்டாவில் 1.90 ஏர் இருந்தால் அது 4.7 சென்ட்தான். பாதை போக இன்னும் குறையும். அப்புறம் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்கு வாங்கினால் 1 லட்சத்து 80 ஆயிரம் இதற்கே எடுத்து வையுங்கள். பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து ஒரு சதவீதம் சலுகை. மனைவி பெயரில் எழுத யோசிக்கிற ஆம்பளைப் பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள்.

பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றும் வருவாய்த்துறைத் தளத்தில் கிடைக்கும். அ-பதிவேட்டில் கோயில் பெயர், ஓடை, கண்மாய், புறம்போக்கு என்று எதுவும் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும். எட்டு மனைக்கு மேல் அல்லது 500 சதுர மீட்டருக்கு மேல் போடுகிற லேஅவுட் என்றால் ரெரா பதிவு எண் வேண்டும், விளம்பரத்திலேயே போட்டிருக்க வேண்டும். "அப்ளை பண்ணியிருக்கோம் சார்" என்றால், "நம்பர் வந்ததும் கூப்பிடுங்க சார்". பதிவு செய்யாத உயில், வெளியூரில் இருக்கும் தங்கச்சியின் பங்கு, கோர்ட்டில் நடக்கிற வழக்கு இவை வில்லங்கத்தில் வராமலே போகலாம். அதற்கு வக்கீல் வேண்டும். அதைவிட முக்கியமாகப் பக்கத்துத் தோட்டக்காரர் வேண்டும்.

சென்னைப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை பொதிகை ஏறி, சனிக்கிழமை இடத்தைப் பார்த்து, அன்றைக்கே அட்வான்ஸ் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடிக்க நினைக்காதே. ஐப்பசி கார்த்திகையில் ஒரு தரம் வந்து பார். நீ அனுப்பிய படத்தில் மண் வெடித்துக் கிடக்கிறது, பங்குனியில் எடுத்திருப்பார்கள். பின்னால் தெரிகிற மேடு எனக்குக் கண்மாய்க் கரை மாதிரித் தெரிகிறது. "மலையடிவாரத்தில் பண்ணை மனை" என்று அழகான படங்கள் வருகின்றனவே, அதற்கும் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலை என்றால் அது 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-லிருந்து புலிகள் காப்பகம். காட்டு எல்லை எங்கே ஓடுகிறது என்று கேட்காமல் மலைக்காட்சிக்குப் பணம் கொடுக்காதே. திருமங்கலம் நான்கு வழிச்சாலை வேலை தொடங்கியதிலிருந்து எல்லா மனையும் அதற்கு "ஐந்து நிமிடம்"தான். ஹெலிகாப்டரில் போவார்களோ என்னவோ.

இனி வாங்காமல் அழுத கதை. சம்பந்தப்பட்டவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், தெரு எதுவும் கேட்காதீர்கள். "எழுதுங்க டீச்சர், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றான்.

2018-ல் ஓய்வு பெற்றேன். பணிக்கொடை, கமுட்டேஷன் எல்லாம் சேர்ந்து கையில் ஒரு தொகை. மருமகன் என் போனில் வங்கி ஏலத் தளத்தைக் காட்டிக் கொடுத்தார். அப்போது ஐபிஏபிஐ என்று இருந்தது, இப்போது பாங்க்நெட் என்று வந்திருக்கிறது. கடன் கட்ட முடியாத சொத்துகளை சர்ஃபேசி சட்டத்தில் வங்கிகள் ஏலம் விடுகிற இடம். ஊர், விலை என்று தட்டினால் வரிசையாக வரும். "சல்லிசா கிடைக்கும் அத்தை" என்றார். உண்மைதான். 2022-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று சென்டில் ஒரு தளம் போட்ட வீடு, குறைந்தபட்ச விலை 19 லட்சத்து 20 ஆயிரம். வெளியில் விசாரித்தால் 28 லட்சம் போகும் என்றார்கள். முன்வைப்பு 1 லட்சத்து 92 ஆயிரம். ஏலத்தில் எடுத்தால் மறுநாளுக்குள் 25 சதவீதம், பதினைந்து நாளில் மீதி. கட்டத் தவறினால் கட்டியதும் போகும். கையில் ரொக்கம் இருப்பவர்களுக்குத்தான் இந்த விளையாட்டு, லோன் போட்டு எடுக்க நினைத்தால் நாள் பத்தாது. "உள்ளது உள்ளபடி" என்று போட்டிருக்கும். அதற்குப் பொருள், உள்ளே என்ன தொல்லை இருந்தாலும் அது உன்னுடையது. இந்த வீட்டுக்கு "சிம்பாலிக் பொசஷன்" என்று போட்டிருந்தது. வங்கி கதவில் நோட்டீஸ்தான் ஒட்டியிருக்கிறது, ஆள் உள்ளே குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களை எழுப்ப ஆட்சியரிடமோ தலைமை நடுவரிடமோ போக வேண்டும், மாதக்கணக்கு ஆகும்.

வெளியிலிருந்து ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏல அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனேன். தெருவில் நின்று மாடிப்படியை எண்ணிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. "டீச்சர்! வாங்க, வாங்க" என்று ஓடி வந்தான். 1996 பத்தாம் வகுப்பு செட். உள்ளே திரும்பி, "ஏய், எங்க டீச்சரு வந்திருக்காக பாரு" என்று சத்தம் போட்டான். என்னைப் பார்க்க ஒரு டீச்சர் வீடு தேடி வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான்.

காபி வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பால்கோவா வாங்கி வந்து வைத்தார்கள். நான் கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை. அவன்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். தறி கூட்டிப் போட வீட்டை அடமானம் வைத்தது, கொரோனாவில் நின்றுபோனது, 16 லட்சம் 22 லட்சமானது. "வர்ற மாசம் ஏலமாம் டீச்சர்." அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவன் கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களே எடுத்துக்கோங்க டீச்சர். யாரோ எடுக்கறதுக்கு நீங்க எடுத்தா எனக்கு வருத்தம் இல்ல" என்றான்.

எடுக்கவில்லை. அவன் வீட்டில் நான் எப்படி வாடகைக்கு ஆள் வைப்பேன்? மதுரையில் ஒரு வக்கீலிடம் அவனைக் கூட்டிப் போனேன். கடன் மீட்புத் தீர்ப்பாயம் அங்கேதான் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டிய 45 நாளுக்குள் வந்திருக்கலாம், ஏல அறிவிப்பு பேப்பரில் வருமுன் முழுப் பணமும் கட்டியிருந்தால் மீட்டிருக்கலாம் என்றார். எல்லாம் "இருந்தால்". வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமலே பீரோவில் போட்டு வைத்திருக்கிறான். பிள்ளைகளே, கஷ்ட காலத்தில் வங்கிக் கவரைப் பிரித்துப் படியுங்கள். தள்ளிப் போடுகிற ஒவ்வொரு நாளும் அவர்களுக்குத்தான் லாபம்.

முதல் ஏலத்துக்கு ஆளே வரவில்லை. வங்கி விலையைக் குறைத்து 17 லட்சத்து 28 ஆயிரம் ஆக்கியது. இரண்டாவது ஏலத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் 17 லட்சத்து 40-க்கு எடுத்துவிட்டார். 22 லட்சத்தில் அது போக மீதிக் கடன் அவன் தலையில் நின்றது.

அன்றைக்கு ராத்திரிதான் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சட்டப்படி கடன் போக மிச்சம் இருந்தால் அது கடன் வாங்கியவனுக்கு. நான் 24 லட்சம் வரைக்கும் போயிருந்தாலும் எனக்கு வெளி விலையைவிட 4 லட்சம் குறைவு. அவனுக்குக் கடன் முழுசாக அடைந்து, செலவு போகக் கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அவனையே வாடகைக்கு இருக்கச் சொல்லியிருக்கலாம். அன்று அவன் சொன்னது மரியாதைக்காக இல்லை, அவன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறான். அவன் என்னிடம் கணக்கு படித்தவன். டீச்சர்தான் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். இதை அவனிடம் ஒரு தரம் கேட்டும் விட்டேன். "விடுங்க டீச்சர்" என்றான். இல்லை என்று சொல்லவில்லை.

மீதிக் கடனைப் பேசிக் குறைத்து, இரண்டு தறியை விற்றுக் கட்டி முடித்தான். இப்போது வாடகை வீடு, 5,500 ரூபாய். பெரியவள் இந்த வருடம் பிளஸ் டூ. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் என்னிடம் கணக்குக்கு வருகிறாள். என் பணம் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் கிடக்கிறது. ஏலத் தளத்தை இப்போதும் சில ராத்திரிகளில் திறந்து பார்க்கிறேன். வாங்க இல்லை. தெரிந்த தெரு ஏதாவது வருகிறதா என்று.

திருப்பூர்ப் பிள்ளை, அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொன்னாய். பட்டா நகலும் தாய்ப் பத்திர நகலும் எடுத்துக்கொண்டு வா. விளம்பரக்காரரை அன்று வரச் சொல்லாதே. முதலில் நாம் இரண்டு பேரும் போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்போம். வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல் வந்தால் போதும்.