மத்தியானத்து ரொட்டி

ஊவா மலையில் இருக்கும் எங்கள் பூனாகலைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு கூட்டம் தம்பேத்தன்னைப் பக்கம் லிப்டன் சீட் என்ற மலையுச்சியைப் பார்த்துவிட்டு மலையைச் சுற்றிக்கொண்டு வரும். இன்னொன்று பண்டாரவளையில் ஆட்டோ பிடித்து, தியலும நீர்வீழ்ச்சியின் உச்சிக்கு வழி கேட்டுக்கொண்டு வரும். இரண்டும் என் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றைத்தான்: “அக்கா, இந்தப் பக்கத்து ஸ்பெஷல் சாப்பாடு என்ன?”

நீர்கொழும்பில் கேட்டால் நண்டும் இறாலும் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கேட்டால் கூழ் என்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் கேட்டால், “நாங்க என்னத்தச் சாப்பிடுறோம், ரொட்டியும் சம்பலும்தான்” என்று குரலை இறக்கிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கொழுந்து எடுத்த காலத்திலும் சரி, இப்போது ரோட்டோரத்தில் அடுப்பு வைத்திருக்கும் காலத்திலும் சரி, என் கை அதிகம் செய்தது ரொட்டிதான். அதைவிட நல்ல ஸ்பெஷல் எங்களிடம் இல்லை. ஆனால் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று தெரிந்து சாப்பிட வேண்டும்.

கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு எந்த ரொட்டியும் ருசிக்கும். கை தெரியாதவர் சுட்டதும் ருசிக்கும். தோட்டத்து ரொட்டிக்குச் சோதனை மத்தியானம்தான். விடிவதற்கு முன் சுட்டு, துணியில் சுற்றி, கூடையோடு மலைக்குப் போய், பனியும் காற்றும் பட்டு, கொழுந்து நிறுவை முடிந்து உட்காரும்போது பிரித்தால் இரண்டு விரலால் பிய்க்க வர வேண்டும். மென்று தாடை வலித்தால் அது ரொட்டியில்லை. எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் எடைபோடுவது இந்த நேரத்தில்தான். யார் வீட்டுப் பொட்டலம் எப்படி என்று மலைக்கே தெரியும். புதிதாகக் கலியாணமாகி வந்த பெண்ணுக்கு மாமியார் வைக்கும் பரீட்சையைவிட இது கடினம்.

ஆகவே ரொட்டியின் வேலையெல்லாம் நாலைந்து மணி நேரம் கழித்து நடக்கப்போவதை நினைத்துச் செய்வது. முதலில் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் சீக்கிரம் காயும். கை பொறுக்கும் சூட்டில் சுடுதண்ணீர் விட்டால் கோதுமை மா கூடுதலாகக் குடிக்கும். குடித்த ஈரம் உள்ளேயே நிற்கும். பிறகு தேங்காய்ப்பூ. ஒரு கிலோ மாவுக்கு முழுத் தேங்காய் ஒன்று என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. ருசிக்காகத் தேங்காய் போடுகிறோம் என்று நினைப்பார்கள். ருசி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பெரிய வேலை அதன் எண்ணெய்க்கு. மா இழுபட்டு இறுகாமல் அதுதான் இடையில் நின்று தடுக்கிறது. தேங்காய்ப்பூவையும் உப்பையும் மாவோடு முதலில் விரல் நுனியால் தேய்த்துவிட்டுப் பிறகு தண்ணீர் விடுவதும் அதற்காகத்தான்.

பிசைவதில் அதிகம் பலம் காட்டக் கூடாது. டவுன் கடைகளில் பரோட்டாவுக்கு மா அடிக்கிற மாதிரி அடித்தால் காலையில் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் செருப்புத் தோல். ஒன்று சேர்ந்ததும் விட்டுவிட வேண்டும். ஈரத் துணி மூடி அரை மணி நேரம் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அந்த நேரத்தில் சம்பல் அரைத்துவிடலாம், பிள்ளைக்குத் தலை வாரிவிடலாம், தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்கலாம்.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்கு விறகு என்பது கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிக்கொண்டு வரும் தேயிலை மிலாறு. காய்ந்தால் குபீரென்று பிடிக்கும், அதே வேகத்தில் அடங்கும். மெல்லிய குச்சியை மட்டும் வைத்துச் சுட்டால் ரொட்டியின் மேலே கரும்புள்ளி விழும், நடுவில் மா வேகாது. அடிமரத் துண்டு ஒன்றை உள்ளே தள்ளித் தணல் கட்டவிட்டு, மிலாற்றை அவ்வப்போது ஊட்ட வேண்டும். காஸ் அடுப்பில் இந்தத் தொல்லை இல்லை, அந்த வாசமும் இல்லை.

சுட்டதை அடுக்குவதும் சமையலில் சேர்த்திதான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பருத்தித் துணியில் வைத்து மூடினால் ஒன்றின் ஆவி மற்றதுக்குள் போகும். சூட்டோடு சொப்பிங் பையில் போட்டால் வேர்த்துக் கொழகொழத்துவிடும். திறந்து வைத்தால் எங்கள் காற்று ஒரு நாழிகையில் அப்பளமாக்கிவிடும். என் அம்மாயி மா மூட்டைத் துணியைத் துவைத்து இதற்கென்றே வைத்திருந்தார்.

மலைக்குப் போகும் ரொட்டிக்குத் துணை கட்டச் சம்பல். காய்ந்த கொச்சிக்காயையும் உப்பையும் அம்மியில் முதலில் நசுக்கி, மாசிக் கருவாட்டுத் தூளைச் சேர்த்து, வெங்காயத்தைக் கடைசியில் வைத்து இரண்டே இழுப்பு. வெங்காயம் அரைபடக் கூடாது, நசுங்க வேண்டும். தேசிக்காய்ப் புளியை அப்போதே பிழிந்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு ரொட்டியை நனைத்துவிடும். அதனால் பொட்டலத்தில் பாதித் தேசிக்காய் தனியாகப் போகும். தேங்காய்ச் சம்பல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு.

லிப்டன் சீட்டில் வெளித்த நாளில் தெற்கே கடற்கரை வரை தெரியும் என்று வழிகாட்டித் தம்பிகள் சொல்வார்கள். மேகம் விலகாமல் ஏமாந்து வருகிறவர்களுக்கு நான் என் அடுப்படியைக் காட்டுவேன். கோதுமை மா திருகோணமலைத் துறைமுகத்தில் 1980 முதல் இயங்கும் பிரீமா ஆலையிலிருந்து வருகிறது. உப்புக்கு அம்பாந்தோட்டையில் உப்பளம் இருக்கிறது. தேங்காய் குருநாகல், சிலாபம், புத்தளம் பக்கத்துத் தோப்புகளில் விளைவது. மாசியும் கருவாடும் கடலேதான். மலைநாட்டுச் சாப்பாடு என்று ஆசையாகத் தேடி வந்து நீங்கள் சாப்பிடுவதில் முக்கால்வாசி கடலோரத்திலிருந்து மேலே ஏறி வந்தது. கொழுந்து கீழே போகிறது, மாவும் கருவாடும் மேலே வருகின்றன. எங்கள் வாழ்க்கை இந்தப் பாதையில்தான் நூற்றைம்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ரொட்டியும் எங்கள் பாட்டன் பூட்டன் கொண்டுவந்ததில்லை. அவர்கள் இராமநாதபுரம், திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணிமாரோடு வந்தபோது சோறும் கூழும் தெரிந்தவர்கள். தோட்டத்தில் அரிசி கொடுத்து அதைச் சம்பளத்தில் கழித்தார்கள். அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942இல் பர்மா ஜப்பான்காரர் கைக்குப் போனதும் வரத்து நின்றுபோய், கோதுமை மா எங்கள் லயத்து வீடுகளுக்குள் நுழைந்தது. பிறகு போகவேயில்லை. 1973, 74இல் கூப்பன் சாமான்களை அரசாங்கம் குறைத்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. அம்மாயி அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். மரவள்ளிக் கிழங்கைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2022 நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு ஏறியபோது இந்த மலையில் எத்தனையோ வீட்டில் ரொட்டியின் அளவு சுருங்கியது. முதலில் தேங்காய் போனது, பிறகு எண்ணிக்கை குறைந்தது. ரொட்டியை ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வருடம் அது ஏழைக்கு எட்டாத சாப்பாடாக இருந்தது.

சோற்றுக்கு வந்தால் நான் முன்னால் வைப்பது பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. கருவாட்டில் கட்டா கிடைத்தால் நல்லது. சுடுதண்ணீரில் கழுவி, உப்பு பாதி இறங்கும் வரை மட்டும் ஊறவிட வேண்டும். முழு உப்பையும் எடுத்துவிட்டால் கருவாடு சக்கையாகிவிடும். மிச்ச உப்பைக் குழம்பிலேயே இறங்கவிட்டு, தனியாக உப்புப் போடாமல் இருப்பதுதான் கணக்கு. பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் உப்பையும் புளியையும் அது இழுத்துக்கொள்ளும். தெற்கே மாத்தறைப் பக்கம் மீனுக்குக் கொறக்காய் போடுகிறார்கள். நாங்கள் பழப்புளிக்காரர்கள். கத்தரிக்காயும் சேர்த்தால் சோறு கூடுதலாகப் போகும். பலா காலத்தில் கொட்டைகளை மணலில் புதைத்து வைத்துக்கொண்டால் காலம் முடிந்த பிறகும் கொஞ்ச நாள் ஓட்டலாம். இந்தக் குழம்பு அடுத்த நாள் காலையில்தான் உச்சத்துக்கு வரும். ஆகவே முதல் நாள் இரவே வைத்துவிடுவேன். வெள்ளைக்காரருக்கு வாசம் ஒத்துக்கொள்ளாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். தட்டை வழித்துச் சாப்பிட்டவர்களில் அவர்கள்தான் அதிகம்.

பச்சைக் கொழுந்துச் சம்பலைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கேமராவோடு வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மிக இளசான கொழுந்தைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தேங்காய்ப்பூ, தேசிக்காய், கொஞ்சம் மாசி சேர்த்துப் பிசைவது. துவர்ப்பும் கசப்பும் முன்னால் நிற்கும், புளி பின்னால் வரும். செய்து தருவேன், ஆனால் ஒரு கரண்டிக்கு மேல் வைக்க மாட்டேன். அது தொட்டுக்கொள்ளும் சாமான், அள்ளித் தின்னும் சாமான் இல்லை. மருந்து அடித்த மலையில் கொழுந்து பறித்துச் செய்யவும் கூடாது. என் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் நாலு செடிக்கு அதனால்தான் எதுவும் அடிப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிற தம்பி தங்கச்சிகள் இட்லி கேட்பார்கள். எங்களுக்கு இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல் பலகாரம். தினமும் மா அரைத்துப் புளிக்க வைக்க இந்தக் குளிரும் விடாது, காலை ஐந்து மணிக்கு எழும்பும் வேலையும் விடாது. கொத்து ரொட்டி வேண்டுமானால் பண்டாரவளையில் நல்ல கடைகள் உண்டு, அங்கே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

தேத்தண்ணிக்கு மட்டும் காலம் பார்த்து வாருங்கள். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் காய்ந்த காற்று. அந்த மாதங்களில் செடி வாட்டத்தில் நிற்கும், கொழுந்து குறையும், ஒரு நாள் பேருக்கு வேண்டிய கிலோ கையில் சேராது. ஆனால் அந்தக் கொழுந்தில்தான் புதினாவைப் போன்ற ஒரு குளிர்ச்சி ஏறுகிறது; கொழும்பு ஏலத்தில் விலை போவதும் அதுவே. அதைப் பறித்தவர்களின் கேத்தலுக்கு வந்து சேருவது தூள். எனக்குத் தெரிந்த ஃபேக்டரித் தம்பி ஒருவரிடம் காசு கொடுத்து, அந்தக் காலத்துத் தேயிலையில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பால் விடாமல் சாயத்தண்ணியாக, உள்ளங்கையில் சீனியோ கித்துள் கருப்பட்டியோ வைத்துக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். சீனியைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கினால் அந்தக் குளிர்ச்சி அமுங்கிவிடும்.

வருவதென்றால் முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள். கருவாடும் மாவும் நீங்கள் வந்த பிறகு ஊற வைக்கிற சாமான்கள் இல்லை. காரம் குறைக்க வேண்டுமானால் அதையும் முன்னமே சொல்லுங்கள், அரைத்த சம்பலிலிருந்து கொச்சிக்காயைப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியாது. லயத்தில் யார் வீட்டிலாவது கூப்பிட்டு ரொட்டி கொடுத்தால் சாப்பிட்டுவிட்டுப் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். 2024இல் கூட்டியபோதும் இங்கே அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய்தான் ஆனது. அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், நீங்களாகக் கொடுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்து, சூடாக ரொட்டி கேட்கவும் வேண்டாம். காலையில் சுட்டது துணிக்குள் இருக்கும், அதைத்தான் தருவேன்.