காதுக்கு எட்டாத சத்தம்

விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த சங்கரன்கோவில்காரன் ஒருவன், கம்ப்யூட்டர் விசிறியின் சத்தம் தாங்கவில்லை என்று சொன்னால் ஊரே சிரிக்கும். தறி நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். கரண்டு போய்விட்டது என்று அப்போதுதான் தெரியும். ஆனால் புகார் என்னுடையதல்ல, என் மகளுடையது.

நான் ராத்திரியில் எழுதுகிறவன். மூன்று வயதிலிருந்து அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் பாயை விரித்துத்தான் தூங்குவாள். சென்ற சித்திரையில், வெயிலில் பெட்டி கொதிக்கிறதே என்று புது விசிறி ஒன்று வாங்கி மாட்டினேன். அது நாலு கம்பி விசிறி. என் பழைய மதர்போர்டிலோ மூன்று ஊசிதான். நாலாவது கம்பிதான் வேகத்தைச் சொல்லும் கம்பி. அதில் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் விசிறி முழு வேகத்தில் ஓடும். ஓடிற்று. மறுநாளே அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆச்சியின் அறைக்குப் போய்விட்டாள். 12 வயதாகிவிட்டது, இனிமேல் அப்படித்தான் என்றாள் என் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. பழியை விசிறியின்மேல் போட்டேன்.

ரேடியோ ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். "இதை விலைக்கு வாங்கணுமா தம்பி? நீங்களே செய்யலாம்" என்று 555 என்ற சில்லை என் உள்ளங்கையில் வைத்தார். எட்டுக் கால் கறுப்புப் பூச்சி போலிருந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971-ல் வகுத்த சில்லு. இன்றும் விலை போகிறது. நாவலாசிரியர்களுக்கு அந்தப் பாக்கியம் சுலபத்தில் வாய்ப்பதில்லை.

அந்தக் காலத்துச் சீலிங் ஃபேன் ரெகுலேட்டர், மின்சாரத்தின் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடித்து வேகத்தைக் குறைத்தது. பி.டபிள்யூ.எம். முறை வேறு. ஒரு வினாடியைப் பல ஆயிரம் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்ச நேரம் 'ஓடு', கொஞ்ச நேரம் 'ஓடாதே' என்று சொல்வது. 'ஓடு' நீண்டால் வேகம். 'ஓடாதே' நீண்டால் நிதானம். நாலு கம்பி விசிறிக்கு வினாடிக்கு 25,000 துண்டு என்பது கணக்கு. 21,000 முதல் 28,000 வரை போகலாம். அண்ணாச்சி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப எச்சரித்தார். நாலாவது கம்பியில் விசிறியே 5 வோல்ட் வைத்திருக்கிறது. அதை ஒரு சின்ன டிரான்சிஸ்டரால் தரைக்கு இழுத்து இழுத்து விட வேண்டுமே தவிர, 12 வோல்ட்டை அதில் கொடுத்துவிடக் கூடாது.

10 கிலோ ஓம் குமிழ் ஒன்று, இரண்டு டயோடு, ஒரு கன்டென்சர். 4.7 நானோஃபாரட் கன்டென்சர் அவரிடம் இல்லை. 6.8 கொடுத்தார், "இதுவும் ஓடும்" என்றார். இரண்டு ராத்திரி பற்றவைத்தேன். விரலில் ஒரு கொப்புளம். குமிழைத் திருகினேன், விசிறி பெருமூச்சு விட்டு அடங்கிற்று. வெற்றி!

மகள் பாயோடு வந்தாள். ஐந்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"கீச்சுன்னு கேக்குப்பா."

பெட்டியில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. மனைவியை அழைத்தேன், அவளுக்கும் ஒன்றுமில்லை. "இங்க படுக்க இஷ்டமில்லைன்னா அதைச் சொல்லு. எதுக்குப் பொய்?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, பென்சிலால் சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டார். "கன்டென்சர் பெரிசாப் போச்சுல்லா, துண்டு குறைஞ்சிட்டு. பதினஞ்சாயிரத்துச் சொச்சம். பழைய டப்பா டி.வி. விசில் தம்பி அது. உமக்கும் எனக்கும் கேக்காது. பிள்ளையளுக்குக் கேக்கும்."

எனக்குச் சுரீரென்றது. அந்தப் பழைய டி.வி. 625 கோடுகளை வினாடிக்கு 25 தடவை வரைந்தது. பெருக்கினால் 15,625. பத்து வயதில் அந்த விசிலை நான் கேட்டிருக்கிறேன். எதிர்வீட்டில் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் படம் பார்த்தாலும், திண்ணையில் நின்றபடியே டி.வி. ஓடுகிறது என்று சொல்வேன். அப்பா நம்பவில்லை. "எட்டிப் பார்த்துவிட்டுப் புளுகுகிறான்" என்று என் காதைத் திருகினார். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது இந்த உச்சச் சத்தங்களைத்தான். எப்போது இழந்தேன் என்று எனக்குத் தெரியாது. இல்லாமல் போனதை எப்படிக் கேட்பது?

472 என்று அச்சிட்ட கன்டென்சர் தபாலில் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கன்டென்சரை மாற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். "அன்னைக்கு நீ சொன்னது நிஜம்தான். எனக்குத்தான் கேக்கலை" என்றேன். அவள் பெட்டியருகே குனிந்து, ஒரு டாக்டரைப் போல நிதானமாகக் கேட்டாள்.

"இப்ப இல்லைப்பா. ஓடுதா?"

விசிறிக்கு எதிரே கைப்பிரதித் தாளொன்றைப் பிடித்துக் காட்டினேன். படபடத்தது.

இப்போது வாரத்தில் நாலு நாள் இங்கே படுக்கிறாள், மூன்று நாள் ஆச்சியிடம். ஆச்சியிடம் போகிற நாட்களில் குமிழைத் திருகி விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டுவிடுகிறேன். பெட்டிக்கும் சூடு தணிய வேண்டாமா?